வியன்னாவின் கலை, வரலாற்று அருங்காட்சியகங்களைப் பார்ப்பது எப்படி

வியன்னா நகரில் நூற்றுக்கு மேற்பட்ட அருங்காட்சியகங்கள் உள்ளன. நான்கைந்து நாள் பயணத்தில் அவற்றில் பத்தைக்கூட ஒழுங்காகப் பார்த்து முடிக்க இயலாது. பார்த்து முடிக்க முயல்பவர்கள் மூன்றாம் நாள் மாலைக்குள் கால் ஓய்ந்து, கண் சலித்து, எந்த ஓவியத்தை எங்கே பார்த்தோம் என்பதையே மறந்துவிடுகிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரை எல்லாவற்றையும் பட்டியலிடவில்லை. எதை முதலில் பார்ப்பது, எதன் முன் நீண்ட நேரம் நிற்பது, எதை விட்டுவிடுவது என்பதை மட்டுமே சொல்கிறது.

வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. இங்குள்ள பெரும் சேகரிப்புகளில் பல, ஹாப்ஸ்பர்க் என்ற ஒரே அரச குடும்பம் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகத் திரட்டியவை. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த அரச ரசனையிலிருந்து விலகி நின்ற இளம் ஓவியர்கள் இன்னொரு பெரும் சொத்தை உண்டாக்கினார்கள். 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்ட பிறகு யூதக் குடும்பங்களிடமிருந்து கொள்ளை போன கலைப்பொருள்களின் கதை, இவ்விரண்டு சேகரிப்புகளையும் தொட்டுச் செல்கிறது. அரச குடும்பம், அதன்பின் 1900, அதன்பின் 1938 என்ற இந்த வரிசையிலேயே கூடங்களுக்குள் சென்றால், ஓர் அருங்காட்சியகத்தில் கண்டது அடுத்ததில் துணைக்கு வரும்.

புறப்படுவதற்கு முன்

ஒவ்வொரு அருங்காட்சியகத்துக்கும் விடுமுறை நாள் வேறு. ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற கலை வரலாற்று அருங்காட்சியகம் ஆண்டின் பெரும்பகுதியில் திங்கட்கிழமை மூடியிருக்கும். அரச கருவூலமும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். யூத அருங்காட்சியகத்துக்குச் சனிக்கிழமை விடுமுறை. கலை வரலாற்று அருங்காட்சியகம் வியாழக்கிழமையும், ஆல்பர்டினா புதன், வெள்ளிக் கிழமைகளிலும் இரவு வரை திறந்திருக்கும். நேரங்கள் மாறக்கூடியவை என்பதால், போகும் நாளுக்கு முந்தைய இரவு அந்தந்த அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. பயணத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை கட்டாயம் அமையும்படி திட்டமிடுங்கள். அதன் பயன் பின்னால் விளங்கும்.

அரசு சார்ந்த கூட்டாட்சி அருங்காட்சியகங்களில் 19 வயது நிரம்பாதவர்களுக்கு நுழைவு இலவசம். குழந்தைகளோடு செல்லும் குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல். கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் அரச கருவூலத்துக்கும் சேர்த்துக் கூட்டுச்சீட்டு உண்டு. இரண்டு மூன்று முறை நுழைய எண்ணினால் ஆண்டுச்சீட்டின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மேல் பெல்வெடேர் அரண்மனைக்கு மட்டும் நுழைவு நேரம் குறித்த சீட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள். அங்கே வரிசை நீளமாக இருக்கும்.

முதுகுப்பையையும் குளிர்காலத்துக் கனத்த மேலங்கியையும் பாதுகாப்பறையில் ஒப்படைத்துவிட்டுத்தான் கூடங்களுக்குள் போக வேண்டும். கடவுச்சீட்டு, பணம், கைப்பேசி ஆகியவற்றைச் சிறிய தோள்பையில் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றோடு ஒரு சிறிய தொலைநோக்கியையும் கொண்டுபோகச் சொல்வேன். உயரமான சுவர் ஓவியங்களுக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

முதலில் நகரத்தின் வடிவம்

கார்ல்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தில் உள்ள வியன்னா நகர அருங்காட்சியகம் புதுப்பிக்கப்பட்டு 2023 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் நிரந்தரக் காட்சிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பயணத்தின் முதல் மாலை இங்கே வந்து, நகரின் பழைய மாதிரியுருவைத் தேடிப் பாருங்கள். 1850களில் செய்யப்பட்ட அந்த மாதிரியில் உள்நகரத்தைச் சுற்றிக் கனத்த கோட்டைச்சுவரும், சுவருக்கு வெளியே வீடுகள் எதுவும் இல்லாத அகன்ற திடலும் தெரியும். துருக்கியப் படைகளின் முற்றுகைகளைத் தாங்கிய சுவர் அது. 1857இல் பேரரசர் பிரான்ஸ் யோசப் அதை இடிக்க ஆணையிட்டார். இடித்த இடத்தில் ரிங்ஸ்ட்ராஸெ என்னும் வட்டச்சாலை எழுந்தது. அடுத்த நாள் நீங்கள் பார்க்கப்போகும் இரட்டை அருங்காட்சியகங்கள் அந்த வெற்றுத் திடலில்தான் நிற்கின்றன என்பது, மாதிரியுருவைப் பார்த்தபின் தானாகவே புரிந்துவிடும். ஒன்றரை மணி நேரம் இங்கே போதும்.

அரச கருவூலம்

மறுநாள் காலை ஹோஃப்புர்க் அரண்மனைக்குள், சுவிஸ் முற்றம் எனப்படும் பழைய பகுதியில் இருக்கும் அரச கருவூலத்தில் தொடங்குங்கள். அறைகள் சிறியவை, வெளிச்சம் குறைவு. எல்லா அறைகளையும் நின்று நின்று பார்க்க வேண்டியதில்லை. புனித ரோமானியப் பேரரசின் மணிமுடியின் முன் மட்டும் பொறுமையாக நில்லுங்கள். பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்யப்பட்டதாகக் கருதப்படும் அந்த முடி வட்டமாக இல்லை. எட்டுப் பொன் தகடுகளைக் கீல் வைத்துக் கோத்த எண்கோணம். அதில் பதித்த மணிகள் பட்டை தீட்டப்படாதவை. தகட்டைத் துளைத்து அதில் மணியைப் பொருத்தியிருப்பதால் வெளிச்சம் மணிக்குப் பின்னாலிருந்தும் ஊடுருவுகிறது. நம் கோயில் நகைகளில் பட்டை தீட்டாத கல்லைப் பதிக்கும் வேலையை அறிந்தவர்களுக்கு இந்த நுட்பம் சட்டென்று கண்ணில் படும்.

இந்த முடியும் இடம் பெயர்ந்த பொருள்தான். நெப்போலியன் படைகளுக்கு அஞ்சி நியூரம்பெர்க்கிலிருந்து வியன்னாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1938இல் ஹிட்லர் இதை மீண்டும் நியூரம்பெர்க்குக்கு எடுத்துப் போனார். போர் முடிந்து 1946இல் திரும்பி வந்தது. ஆயிரம் ஆண்டுப் பேரரசின் வாரிசு என்று தம்மைக் காட்டிக்கொள்ள ஹிட்லருக்கு அது வேண்டியிருந்தது.

கலை வரலாற்று அருங்காட்சியகம்

கருவூலத்திலிருந்து பத்து நிமிட நடையில் மரியா தெரேசா சதுக்கம் வருகிறது. எதிரெதிரே ஒரே அச்சில் வார்த்தது போன்ற இரண்டு மாளிகைகள்: ஒன்று 1889இல் திறந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், மற்றது 1891இல் திறந்த கலை வரலாற்று அருங்காட்சியகம். அறிவிப்புப் பலகைகளில் இரண்டாவதன் பெயர் குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ் மியூசியம் என்றிருக்கும். உங்களுக்கு வியன்னாவில் ஒரே நாள்தான் கிடைக்கிறது என்றால், அந்த நாள் முழுவதையும் இந்தக் கட்டடத்துக்கே கொடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

பெரிய படிக்கட்டில் ஏறும்போது அவசரப்படாதீர்கள். மேலே தூண்களுக்கு இடையில், வளைவுகளுக்கு அருகில் உள்ள ஓவியங்களில் பதின்மூன்று குஸ்டாவ் கிளிம்ட் தீட்டியவை. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. தம்பி எர்ன்ஸ்ட், நண்பர் பிரான்ஸ் மாட்ஷ் ஆகியோரோடு சேர்ந்து அரசுப் பணிகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்துகொண்டிருந்தார். தொலைநோக்கியில் எகிப்தியப் பெண்ணின் உருவத்தைப் பாருங்கள். பிற்காலத்தில் அவரை உலகறியச் செய்த பொன்னிறமும் தட்டையான அலங்கார வடிவமும் இங்கேயே முளைவிட்டிருப்பது தெரியும். அடுத்த நாள் பெல்வெடேரில் அவரது 'முத்தம்' ஓவியத்தின் முன் நிற்கும்போது இந்தப் படிக்கட்டு நினைவுக்கு வரும்.

ஓவியக்கூடம் முதல் தளத்தில் உள்ளது. ஒரு சிறகில் நெதர்லாந்து, ஃபிளாண்டர்ஸ், ஜெர்மனி நாட்டு ஓவியங்கள். மறு சிறகில் இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ். நுழைந்ததும் டேவிட் டெனியர்ஸ் வரைந்த ஓர் ஓவியத்தை ஊழியரிடம் கேட்டுக் கண்டுபிடியுங்கள். இளவரசர் லியோபோல்ட் வில்ஹெல்ம் பிரஸ்ஸல்ஸ் நகரில் தமது ஓவியக்கூடத்தில் நிற்கும் காட்சி அது. அவரைச் சுற்றிச் சுவர் நிறைய, தரையிலிருந்து கூரை வரை சட்டமிட்ட ஓவியங்கள். 1647 முதல் 1656 வரை ஸ்பானிய நெதர்லாந்தின் ஆளுநராக இருந்த இவர் ஏறத்தாழ 1,400 ஓவியங்களை வாங்கிக் குவித்தார். இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டு பிரபுக்களின் சேகரிப்புகள் விலைக்கு வந்த சமயம் அவருக்கு வாய்ப்பாக அமைந்தது. டெனியர்ஸின் ஓவியத்துக்குள் கையளவில் தெரியும் படங்களில் பலவும் இன்று பக்கத்துக் கூடங்களில் முழு அளவில் தொங்குகின்றன. மூன்று படங்களை மனத்தில் குறித்துக்கொண்டு அவற்றைத் தேடுங்கள். குழந்தைகளுக்கு இதைவிட நல்ல வேலை வைக்க முடியாது. பெரியவர்களுக்கும் இது சேகரிப்பு என்பது என்ன என்று சொல்லிக்கொடுக்கும்.

அடுத்து பீட்டர் புரூகல். உலகில் இவரது ஓவியங்கள் மிகுதியாக உள்ள இடம் இதுவே. 1565ஆம் ஆண்டின் 'பனியில் வேட்டைக்காரர்கள்' ஓவியத்தை எத்தனையோ நாட்காட்டிகளில் பார்த்திருப்பீர்கள். அதனாலேயே நேரில் அதைக் கடந்துபோய்விடும் ஆபத்து உண்டு. முன்னால் உள்ள இருக்கையில் பத்து நிமிடம் உட்காருங்கள். முதலில் மூன்று வேட்டைக்காரர்களின் முதுகு மட்டும் தெரியும். அவர்கள் தலை குனிந்திருக்கிறது. பின்னால் வரும் நாய்களும் வால் தளர்ந்து நடக்கின்றன. ஒருவர் தோளில் சாய்த்த கழியில் ஒரே ஒரு நரி. நாள் முழுக்க அலைந்ததற்குக் கிடைத்தது அவ்வளவுதான். இடப்பக்கத்து விடுதியின் பெயர்ப்பலகை ஒரு கொக்கி கழன்று கோணலாகத் தொங்குகிறது. அதன்கீழ் சிலர் பன்றியின் மயிரைப் பொசுக்கத் தீ மூட்டுகிறார்கள். மரங்களின் வரிசையைப் பிடித்துக் கண் சரிவில் இறங்கினால், உறைந்த குளங்களில் சறுக்கி விளையாடும் சிறு உருவங்கள். வலப்பக்கம் பனிக்கட்டி பிடித்து நின்றுவிட்ட நீராலைச் சக்கரம். இன்னும் தொலைவில் ஒரு வீட்டின் புகைபோக்கியில் தீப்பற்றியிருக்கிறது. ஆட்கள் ஏணி தூக்கி ஓடுகிறார்கள். இவற்றில் எதற்கும் வேட்டைக்காரர்கள் திரும்பவில்லை. வானத்துக்கும் குளத்துப் பனிக்கட்டிக்கும் புரூகல் ஒரே சாம்பல் பச்சை நிறத்தைக் கொடுத்திருப்பதை அச்சுப்பிரதியில் உணர முடியாது. நேரில் அந்த நிறமே குளிராக மேலே படிகிறது.

ஆன்ட்வெர்ப் வணிகர் ஒருவருக்காக, ஆண்டின் பருவங்களைக் காட்டப் புரூகல் தீட்டிய ஆறு ஓவியங்களில் இது ஒன்று. ஐந்துதான் மிஞ்சியுள்ளன, ஒன்று நியூயார்க்கிலும் ஒன்று பிராகிலும் இருக்க, மற்ற மூன்றும் இதே கூடத்தில் உள்ளன. ஆகவே 'இருண்ட நாள்', 'மந்தை திரும்புதல்' ஆகிய மற்ற இரண்டையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேட்டைக்காரர்களிடம் வாருங்கள். மூன்றிலும் மலையும் ஆறும் தொலைவில் விரிந்து கிடக்க, மாறுவது பொழுதும் நிறமும்தான்.

இதே கூடத்தில் 1560ஆம் ஆண்டின் 'குழந்தைகளின் விளையாட்டுகள்' என்ற ஓவியம் தமிழ் வாசகர்களுக்குத் தனி மகிழ்ச்சி தரும். இருநூறுக்கு மேற்பட்ட குழந்தைகள் எண்பதுக்கு மேற்பட்ட விளையாட்டுகளில் ஈடுபட்டிருக்கிறார்கள். இடது கீழ்மூலையில் இரண்டு பெண்கள் ஆட்டின் கணுக்கால் எலும்புகளை வைத்து ஆடுவது நம் ஐந்தாங்கல் ஆட்டத்துக்கு மிக நெருக்கமானது. குனிந்து நிற்பவர் முதுகைத் தாண்டும் பச்சைக்குதிரை இருக்கிறது; கண்ணை மறைத்துக்கொண்டு பிடிக்கும் ஆட்டம் இருக்கிறது. ஆனால் முகங்களைக் கவனியுங்கள்: ஒரு குழந்தைகூட வாய்விட்டுச் சிரிக்கவில்லை. பெரியவர்கள் தொழிலில் ஈடுபடுவது போன்ற தீவிரத்தோடு விளையாடுகிறார்கள். புரூகல் ஏன் அப்படி வரைந்தார் என்பதைப் பற்றி ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

மறு சிறகில் வெலாஸ்கெஸ் தீட்டிய ஸ்பானிய இளவரசி மார்கரிட்டாவின் உருவப்படங்கள் உள்ளன. இளஞ்சிவப்பு, வெள்ளை, நீலம் என வெவ்வேறு உடைகளில், வெவ்வேறு வயதில் ஒரே சிறுமி. தாய்மாமனான பேரரசர் முதலாம் லியோபோல்டுக்கு மணம் பேசியிருந்ததால், பெண் எப்படி வளர்ந்துவருகிறாள் என்று காட்ட மாட்ரிட்டிலிருந்து வியன்னாவுக்கு இவற்றை அனுப்பினார்கள். 1659இல் வரைந்த நீல உடைப் படத்தில் அவளுக்கு எட்டு வயது. அந்தப் படத்துக்கு நான்கு மீட்டர் தள்ளி நின்றால் வெள்ளிச் சரிகை மினுமினுக்கும் பட்டுப் பாவாடை தெரியும். ஒரு மீட்டருக்குள் சென்றால் சரிகை காணாமல் போய், சாம்பலும் வெள்ளையுமாக இழுத்துவிட்ட சில தூரிகைத் தீற்றல்கள் மட்டுமே இருக்கும். முன்னும் பின்னும் மூன்று முறை நடந்து பாருங்கள். கண் எந்த இடத்தில் தீற்றலைப் பட்டாக மாற்றுகிறது என்பதைப் பிடிக்கலாம். அவள் 1666இல் வியன்னாவுக்கு மணமகளாக வந்தாள். அடுத்தடுத்த பிரசவங்களால் தளர்ந்து 1673இல் 21 வயதில் இறந்தாள். இது தெரிந்தபின் அந்த மூன்று படங்களையும் முன்போல் பார்க்க முடிவதில்லை.

வெர்மீரின் 'ஓவியக்கலை' என்ற சிறந்த படமும் இங்கேதான். ஓவியர் நமக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கிறார். சுவரில் தொங்கும் பெரிய நிலப்படத்தின் மடிப்பும் விரிசலும்கூட இடப்பக்க வெளிச்சத்தில் தடவிப் பார்க்கும்படி இருக்கின்றன. 1940இல் ஹிட்லர் இதைத் தமக்காக வாங்கினார். 1945இல் ஆல்ட்டாவுசே உப்புச்சுரங்கத்துக்குள் ஒளித்து வைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான ஓவியங்களோடு மீட்கப்பட்டது.

மதிய உணவுக்கு வெளியே போக வேண்டாம். குவிமாடத்துக்குக் கீழே உள்ள சிற்றுண்டிச்சாலை விலை கூடியதுதான், ஆனால் கால்களுக்கும் கண்களுக்கும் ஒரு மணி நேர ஓய்வு வேண்டும். அதன்பின் கீழ்த்தளத்தில் உள்ள அரும்பொருள் கூடத்துக்குச் சென்று, செல்லினி 1540க்கும் 1543க்கும் இடையில் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சிஸுக்காகச் செய்த பொன் உப்புக்கலத்தைத் தேடுங்கள். கடல் தெய்வமும் நில தெய்வமும் எதிரெதிரே சாய்ந்து அமர்ந்திருக்க, கடலின் பக்கத்துப் படகில் உப்பு, நிலத்தின் பக்கத்துச் சிறு கோயிலில் மிளகு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மிளகு அந்நாளில் ஐரோப்பிய அரசவையில் என்ன மதிப்புப் பெற்றிருந்தது என்பதற்கு இந்தச் சிறு பொற்கோயிலே சாட்சி. 2003 மே மாதம் இது திருடுபோயிற்று. 2006 ஜனவரியில் ஸ்வெட்ல் என்ற ஊருக்கு அருகே காட்டில் ஒரு பெட்டிக்குள் புதைக்கப்பட்டிருந்த நிலையில் கிடைத்தது.

இவ்வளவுதான் ஒரு நாளுக்கு. ரஃபேலும் டிட்சியானோவும் காரவாஜ்ஜோவும் மீதியிருப்பார்கள். அவர்களுக்காகத்தான் வியாழன் மாலை. ஏழு மணிக்குப் பின் சுற்றுலாக் குழுக்கள் குறைந்துவிடும். புரூகல் கூடத்தில் நீங்களும் இன்னும் நான்கைந்து பேரும் மட்டுமே இருக்கும் வாய்ப்பு அப்போதுதான் கிடைக்கும்.

எதிரே உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நேரம் குறைவாக இருந்தால் ஒரே பொருளைப் பார்த்துவிட்டு வெளியே வரலாம்: 1908இல் வில்லெண்டார்ஃப் கிராமத்தில் அகழ்ந்தெடுத்த, பதினொரு சென்டிமீட்டர் உயரமே உள்ள சுண்ணாம்புக்கல் பெண்ணுருவம். வயது ஏறத்தாழ 29,500 ஆண்டுகள். முகம் இல்லை, தலையைச் சுற்றி வரிவரியாகப் பின்னல் போன்ற செதுக்கல் மட்டும். பக்கவாட்டிலும் பின்பக்கமும் சென்று பாருங்கள், எதிரிலிருந்து பார்ப்பவர்கள் அதன் முதுகின் அழகைத் தவறவிடுகிறார்கள்.

1900இன் கலைஞர்கள்

மூன்றாம் நாளை செசெஷன் கட்டடத்தில் தொடங்குங்கள். அரச ஆதரவு பெற்ற ஓவியர் சங்கத்திலிருந்து கிளிம்ட்டும் நண்பர்களும் 1897இல் வெளியேறி, அடுத்த ஆண்டே தங்களுக்கென்று எழுப்பிய வெண்ணிற மாளிகை இது. கூரைமீது பொன்னிலைகளால் ஆன உருண்டை. வாசலுக்கு மேல் 'காலத்துக்கு அதன் கலை, கலைக்கு அதன் விடுதலை' என்ற பொருளில் ஜெர்மன் வரி. நிலவறையில் கிளிம்ட்டின் 'பீத்தோவன் சுவரோவியம்' 34 மீட்டர் நீளத்துக்கு மூன்று சுவர்களில் ஓடுகிறது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் இதைப் பார்க்காமல் பெல்வெடேருக்குப் போகாதீர்கள்.

டி எண் டிராம் மேல் பெல்வெடேரின் வாசலருகில் இறக்கிவிடும். துருக்கியரை வென்ற தளபதி இளவரசர் யூஜினுக்காக 1720களில் கட்டிய அரண்மனை. 1955 மே 15 அன்று ஆஸ்திரியாவின் சுதந்திரத்தை மீட்டளித்த அரசு ஒப்பந்தம் கையெழுத்தானதும் இங்குள்ள பளிங்கு மண்டபத்தில்தான். 'முத்தம்' ஓவியத்தைச் சுற்றி எப்போதும் கூட்டம் இருக்கும். சீட்டில் குறித்த நேரத்தில் நுழைந்ததும் நேராக அதனிடம் செல்லுங்கள். மற்ற அறைகளுக்குப் பிறகு திரும்பலாம். 180 சென்டிமீட்டர் நீள அகலமுள்ள சதுரம் அது. எல்லோரும் முகங்களைப் பார்க்கிறார்கள். நீங்கள் கீழே பாதங்களைப் பாருங்கள். மலர்த்தரை திடீரென்று முடியும் விளிம்பில் அந்தப் பெண் மண்டியிட்டிருக்கிறாள். கால்விரல்கள் மடங்கி விளிம்பைப் பற்றியிருக்கின்றன. அதற்கப்பால் பொன்னிற வெறுமை. 1908இல் ஓவியம் முழுமையாக முடியுமுன்பே அரசு இதை வாங்கிவிட்டது.

அதே அரண்மனையில் எகோன் ஷீலெயின் 'குடும்பம்' இருக்கிறது. குந்தியிருக்கும் ஆணின் முகம் ஷீலெயினுடையது. முன்னால் ஒரு பெண், அவள் கால்களுக்கிடையே ஒரு குழந்தை. 1918 அக்டோபர் 28 அன்று, ஆறு மாதக் கர்ப்பிணியாக இருந்த மனைவி எடித் ஸ்பானிய ஃபுளூவில் இறந்தார். மூன்று நாள் கழித்து 28 வயதில் ஷீலெயும் இறந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் கிளிம்ட் காலமாகியிருந்தார். நவம்பரில் ஹாப்ஸ்பர்க் ஆட்சியே முடிந்தது. ஷீலெயை மேலும் பார்க்க விரும்பினால், பழைய அரச குதிரைலாயங்களை மாற்றி 2001இல் திறந்த மியூசியம்ஸ் குவார்ட்டியர் வளாகத்தில் லியோபோல்ட் அருங்காட்சியகம் உள்ளது. அவரது படைப்புகளின் மிகப்பெரிய சேகரிப்பு அதுவே. மனம் கனக்கும் ஓவியங்கள் என்பதால் பெல்வெடேரையும் லியோபோல்டையும் ஒரே நாளில் வைக்காமல் இருப்பது நல்லது.

ஆல்பர்டினாவுக்குச் செல்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ட்யூரரின் 1502ஆம் ஆண்டு 'முயல்' அங்கேதான் உள்ளது, ஆனால் காகிதத்தில் தீட்டிய நீர்வண்ணம் ஒளியில் மங்கிவிடும் என்பதால் மூலப்பிரதியை அரிதாகவே வெளியில் வைக்கிறார்கள். வழக்கமாகத் தெரிவது நகல். இதற்காக மட்டும் சீட்டு வாங்கி வருந்த வேண்டாம்.

இந்தியப் பொருள்கள்

நேரம் இருப்பவர்களுக்கு ஒரு கிளைவழி. மாக் என்னும் பயன்பாட்டுக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில், அக்பர் தம் ஓவியப்பட்டறையில் தீட்டச் செய்த, ஹம்சா என்ற வீரனின் கதைகளைச் சொல்லும் ஹம்சநாமாவின் 60 பெரிய தாள்கள் உள்ளன. மிஞ்சிய தாள்கள் ஒரே இடத்தில் இவ்வளவு இருப்பது இங்கேதான். அவை எப்போதும் காட்சியில் இருப்பதில்லை, ஆகவே கேட்டுவிட்டுப் போங்கள். ஷோன்புருன் அரண்மனையில் மில்லியன் அறை என ஒன்றுண்டு. முகலாயச் சிற்றோவியங்களை அரச குடும்பத்தினர் தம் கையாலேயே வெட்டி, ஒட்டி, புதிய சேர்க்கைகளாக்கி, மரச்சுவரில் பொன் சட்டங்களுக்குள் பதித்திருக்கிறார்கள். பொன் சட்டங்களின் ஒளியில் வெட்டுக்கள் முதலில் தெரியாது. உற்றுப் பார்த்தால் ஓர் ஓவியத்தின் மரத்தடியில் வேறோர் ஓவியத்தின் மனிதர் நிற்பது தெரியும். அந்த அறையில் எனக்கு வியப்பைவிட வருத்தமே மிஞ்சும்.

1914இலிருந்து 1938 வரை

நகரின் அர்செனால் பகுதியில் உள்ள படைவரலாற்று அருங்காட்சியகம் பெல்வெடேரிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ளது. 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய அரியணை வாரிசு பிரான்ஸ் பெர்டினாண்டும் மனைவி சோஃபியும் சுடப்பட்டபோது பயணம் செய்த கார் இங்கே நிற்கிறது. அருகே அவரது இரத்தக்கறை படிந்த சீருடையும் இருக்கிறது. ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த முதல் உலகப்போர் தொடங்கிய இடத்திலிருந்து வந்த பொருள்கள் இவை. போர்க்கருவிகளில் ஆர்வம் இல்லாதவர்கள் இந்த ஓர் அறைக்காக மட்டும் வரலாம்.

அடுத்துச் சொல்வதற்குத் தனி அறை எதுவும் இல்லை. முன்பே பார்த்த இடங்களை மீண்டும் நினைத்துக்கொள்ள வேண்டும். மேல் பெல்வெடேரில் பல பத்தாண்டுகள் தொங்கிய 'அடேலெ ப்ளோக்-பாவர்' உருவப்படம் இன்று அங்கே இல்லை. அடேலெயின் கணவர் 1938இல் தப்பி ஓட நேர்ந்தது. அவரது சொத்தை நாஜிகள் பறித்தார்கள். நீண்ட வழக்குக்குப் பின் 2006இல் அந்தப் படம் உட்பட ஐந்து கிளிம்ட் ஓவியங்களை ஆஸ்திரியா வாரிசுகளுக்குத் திருப்பிக் கொடுத்தது. அடேலெயின் பொன்னோவியம் இப்போது நியூயார்க்கில் உள்ளது. லியோபோல்ட் அருங்காட்சியகத்தில் உள்ள ஷீலெயின் 'வல்லி' உருவப்படம், லேயா போண்டி என்ற யூத ஓவிய வணிகரிடமிருந்து பறிக்கப்பட்டது. 1998இல் நியூயார்க்கில் கடனுக்குக் காட்சியில் இருந்தபோது வழக்குக்குள்ளாகி, 2010இல் அருங்காட்சியகம் 1.9 கோடி டாலர் கொடுத்த பிறகே வியன்னாவுக்குத் திரும்பியது. எந்த அருங்காட்சியகத்திலும் ஓவியத்துக்குப் பக்கத்தில் உள்ள சிறு பலகையின் கடைசி வரியை, அதாவது எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதைச் சொல்லும் வரியை, படிக்கும் பழக்கத்தை வியன்னாவில் தொடங்குங்கள்.

கடைசி நாளின் முற்பகலை யூதச் சதுக்கத்துக்கு வையுங்கள். நடுவில் ரேச்சல் வைட்ரீட் வடிவமைத்து 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட நினைவுச்சின்னம் நிற்கிறது: கான்கிரீட்டில் வார்த்த ஒரு நூலகம். நூல்களின் முதுகு உள்நோக்கித் திரும்பியிருப்பதால் ஒன்றின் பெயரையும் படிக்க முடியாது. கதவுகளுக்குக் கைப்பிடி இல்லை. கொல்லப்பட்ட 65,000 ஆஸ்திரிய யூதர்கள் மாண்ட இடங்களின் பெயர்கள் அடித்தளத்தைச் சுற்றிப் பொறிக்கப்பட்டுள்ளன. ஒருமுறை மெதுவாகச் சுற்றி நடந்து அவற்றைப் படியுங்கள். சதுக்கத்து ஓரத்து அருங்காட்சியகத்தின் வழியாக நிலத்தடிக்கு இறங்கினால், 1421இல் நகரின் யூதர்கள் விரட்டப்பட்டும் எரிக்கப்பட்டும் அழிந்தபோது இடிக்கப்பட்ட தொழுகைக்கூடத்தின் அடித்தளக் கற்கள் இருக்கின்றன. மேலே ஏறி வெளியே வந்ததும், சதுக்கத்தின் ஒரு வீட்டு முகப்பில் இயேசுவின் திருமுழுக்கைக் காட்டும் புடைப்புச் சிற்பத்தை அண்ணாந்து பாருங்கள். அதன்கீழ் உள்ள லத்தீன் வரிகள் 1421இன் கொலைகளைப் போற்றுகின்றன. அவற்றை யாரும் அகற்றவில்லை. மாறாக, அந்தக் கொடுமைகளில் கிறித்தவர்களுக்கு இருந்த பங்கை ஒப்புக்கொள்ளும் பலகை ஒன்றை 1998இல் அதே சதுக்கத்தில் பதித்தார்கள். இரண்டையும் படித்துவிட்டு எதிரே உள்ள கைப்பிடியற்ற கதவைத் திரும்பப் பார்க்கலாம்.